கொங்கு நாட்டில் நேரடி இசை: கேட்பதற்கும் கலைஞரைத் தாங்குவதற்கும் ரசிகருக்கான முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் தை பிறந்துவிட்டால் ஆனி முடியும்வரை ஏதேனும் ஓர் ஊரில் நோம்பி (ஊர்த் திருவிழா) சாட்டியிருக்கும். தேருக்கு நாதசுரமும் தவிலும், மாரியம்மன் கோயில் முன் நடும் கம்பத்துக்குப் பறையும், ஊர்வலத்துக்கு ஜமாப் என்னும் கூட்டு மேளமும் என்று, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள்ளேயே கேட்க ஏராளமான இசை இருக்கிறது. அதில் பெரும்பகுதிக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஆனால் அதே கலைஞர்களுக்கு ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் திருமண வேலை இருக்காது. மழைக்காலத்தில் திறந்தவெளி நிகழ்ச்சிகளும் குறைந்துவிடும். சில மாத வருமானத்தை ஆண்டு முழுவதற்கும் இழுத்துப் பிடித்து வாழ வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். எனவே ரசிகரின் கவனமும் பணமும் நோம்பி இரவோடு நின்றுவிடாமல், ஆண்டு முழுவதும் கலைஞரிடம் போய்ச் சேரும்படி செய்வது எப்படி என்பதை மனத்தில் கொண்டே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் வட்டாரத்துக்கு ஓர் இசை நாள்காட்டி

ஆங்கில மாதங்களை விட்டுவிட்டுத் தமிழ் மாதங்களின்படி நாள்காட்டியைத் தொடங்குங்கள். கோயில் விழாக்கள் பெரும்பாலும் நட்சத்திரத்தையும் திதியையும் கிழமையையும் ஒட்டி வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். தைப்பூசத்தை ஒட்டிச் சிவன்மலையிலும் சென்னிமலையிலும் தேர். மாசியில் கோயம்புத்தூர் கோனியம்மன் தேரும் பொள்ளாச்சி மாரியம்மன் விழாவும் வருகின்றன. பங்குனியில் பேரூர்த் தேர், பண்ணாரி குண்டம் (தீமிதி), ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் கம்பம் ஆகியவற்றோடு, கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டங்களும் சேர்ந்துகொள்ளும். சித்திரையில் அவிநாசித் தேர், வைகாசியில் கரூர் மாரியம்மன் கோயில் கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போகும் நாள், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவும் அதை ஒட்டிய குதிரை, மாட்டுச் சந்தையும் என்று ஓர் ஆண்டின் எலும்புக்கூடு இப்படி அமைந்துவிடும்.

இந்தப் பெரிய விழாக்களுக்கு நடுவில் உங்கள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் நோம்பிகளை நிரப்புவதுதான் உண்மையான வேலை. விழாவைத் தொடங்கிவைக்கும் சடங்கான பூச்சாட்டு நடந்தவுடன் அழைப்பிதழ் அச்சாகிவிடும். எந்த நாள் இரவில் எந்தக் குழு வருகிறது, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்ற விவரம் பெரும்பாலும் அதன் கடைசிப் பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டு அழைப்பிதழ்கள் சேர்ந்தால், எந்தக் குழு எந்த ஊருக்கு மறுபடியும் அழைக்கப்படுகிறது என்பது தெரியவரும். ஒரு குழுவின் தரத்துக்கு அதைவிட நல்ல சான்று இல்லை என்பது என் கருத்து.

மேடைக் கச்சேரிகளுக்குத் தனி வரிசை போட்டுக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரம் பாரதிய வித்யா பவன், கிக்கானி பள்ளி அரங்கம், மணி மேல்நிலைப் பள்ளியின் நானி கலையரங்கம் ஆகிய இடங்களில் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. மகாசிவராத்திரியை ஒட்டி வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா மையம் நடத்தும் யக்ஷா இசை விழாவுக்கு இந்துஸ்தானி, கர்நாடக இசைக் கலைஞர்கள் வருகிறார்கள். பெரிய திரையிசை நிகழ்ச்சிகளுக்கு வழக்கமான இடம் கொடிசியா வளாகம்.

இரண்டாம் படி: எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்பது

நோம்பிக்குப் போகும் பலருக்கு எல்லாம் ஒரே மேளச் சத்தமாகக் கேட்பதற்குக் காரணம், கருவிகளைப் பிரித்தறியும் பழக்கம் இல்லாததே. அதற்கு இசைப் பயிற்சி தேவையில்லை. சில மாலைகள் கலைஞர்களுக்குப் பக்கத்தில் நின்று கண்ணையும் காதையும் சேர்த்துப் பயன்படுத்தினால் போதும். தவிலின் வலப்பக்கத்தை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டும் இடப்பக்கத்தைக் கழியாலும் வாசிக்கிறார்கள். கணீரென்று தெறிக்கும் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அடியில் உருளும் கனத்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். உருமியில் ஒரு பக்கத்தைக் குச்சியால் தேய்ப்பதால் அந்த உறுமல் எழுகிறது. பம்பை இரட்டை மேளம். உடுக்கையின் இடையில் ஓடும் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்குகிறார்கள். பறையில் நீண்டு மெலிந்த குச்சி ஒன்றும் குட்டையான தடித்த குச்சி ஒன்றும் வேலை செய்கின்றன. இவை பிடிபட்ட பிறகு, ஜமாப்பில் பல மேளங்கள் ஒருசேர முழங்கும்போதும், தாளத்தை மாற்றுவதற்குத் தலைவர் கொடுக்கும் சைகையை உங்களால் முன்கூட்டியே கண்டுகொள்ள முடியும்.

நாதசுரத்தைக் கேட்க விரும்புகிறவர்கள் தேர் நகரும் நேரத்துக்குப் போவதைவிடச் சுவாமி புறப்படும் நேரத்துக்குப் போவது நல்லது. அப்போதுதான் மல்லாரி வாசிப்பார்கள். சாகித்தியம் (பாடல் வரிகள்) இல்லாமல், பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில், தாளக் கணக்கையே உடலாகக் கொண்டு நடக்கும் உருப்படி அது. பல்லக்குத் தூக்குகிறவர்களின் நடையும் தவிலின் நடையும் அதில் ஒன்றாகிவிடும். பிறகு வீதியில் நின்று நின்று போகும் இடங்களில் ராக ஆலாபனைக்கு நேரம் கிடைக்கும். வாணவேடிக்கை தொடங்கிவிட்டால் அந்த ஆலாபனை யார் காதிலும் விழாது. விழாக் குழுவில் உங்களுக்குச் சொல்லும் உரிமை இருந்தால், வெடிக்கும் வாசிப்புக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கம்பத்தாட்டத்தை ஒரே இரவில் பார்த்து முடித்துவிட முடியாது. மூன்று கிளையாகப் பிரியும் மரத்தைக் கம்பமாக மாரியம்மன் கோயில் முன் நட்டு, அது பிடுங்கப்படும் நாள்வரை ஒவ்வோர் இரவும் அதைச் சுற்றி ஆடுகிறார்கள். முதல் இரவில் கால்கள் தயங்கும். நாளாக ஆக அடியும் ஆட்டமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஈரோட்டில் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் ஆகிய மூன்று கோயில்களின் கம்பங்களும் கடைசியில் ஊர்வலமாகப் போய்க் காவிரியில் விடப்படுகின்றன. அந்த ஊர்வலத்துக்கு மட்டும் போய்த் திரும்புகிறவர்கள், கம்பம் நட்ட பிறகு வரும் ஏதாவது ஓர் இரவிலும் போய் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால், அதே அடிகள் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கின்றன என்பதை ஊர்வலத்தன்று உணர்வார்கள்.

வள்ளி கும்மியில் ஆசிரியர் பாட, வள்ளிக்கும் முருகனுக்கும் நடந்த மணக்கதை வட்டமாக நின்று ஆடுகிறவர்களின் கால்வழியே நகர்கிறது. ஆண்களே ஆடிவந்த இக்கலையில் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தவர், மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன். அவருக்கு 2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று பல ஊர்களில் வாரக்கணக்கில் மாலை நேரப் பயிற்சி நடத்தி, ஊரே கூடி அரங்கேற்றம் செய்கிறார்கள். அரங்கேற்றத்துக்குப் போகும்போது உடையின் வண்ணத்தோடு நின்றுவிடாமல், பாட்டின் வேகம் கூடும் இடத்தில் அடி எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். வாய்ப்பிருந்தால் அரங்கேற்றத்துக்கு முன்பே ஒரு பயிற்சி மாலைக்குப் போய் உட்காருங்கள்.

உடுக்கைப் பாட்டு இவற்றில் மிகுந்த பொறுமையைக் கேட்பது. அண்ணன்மார் கதையான பொன்னர் சங்கர் வரலாற்றைப் பல இரவுகளாகப் பிரித்துப் பாடுவது மரபு. பாட்டும் வசனமும் மாறி மாறி வர, பின்பாட்டுக்காரர் வரியை வாங்கி நடத்துவார். காங்கேயம் வட்டாரத்தில் தங்கி ஆய்வு செய்த கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ஆம் ஆண்டில் இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த அளவுக்கு நீண்ட பாடலை நினைவில் வைத்துப் பாடும் ஒருவர் உங்கள் வட்டாரத்தில் இன்னும் இருந்தால், மற்ற எல்லா நிகழ்ச்சிகளையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அவரிடம் போங்கள். கதையின் போக்கை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு போனால், அண்ணன்மாரின் பெற்றோரான குன்றுடையான், தாமரை, தங்கை அருக்காணி ஆகியோரின் பெயர்கள் வரும்போது தடுமாற மாட்டீர்கள்.

மேடைக் கச்சேரியைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து போகாதீர்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மிருதங்கக் கலைஞருக்கென்று முழுதாகக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான்.

மூன்றாம் படி: போவதும் நிற்பதும்

தேர் நாட்களில் தேரோடும் வீதிகளில் வாகனங்களை முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். கோனியம்மன் தேருக்கு உக்கடத்திலோ காந்திபுரத்திலோ இறங்கி நடக்கும்படி திட்டமிடுவதே நல்லது. சிற்றூர் நோம்பிக்குப் போனால் கடைசி நகரப் பேருந்தின் நேரத்தை அங்கே இறங்கியவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு நிகழ்ச்சிகள் அறிவித்த நேரத்தைவிடப் பிந்தியே தொடங்கும். பண்ணாரி குண்டத்துக்கு முந்தைய நாளே வரிசை நின்றுவிடுவதால், இசைக்காக மட்டும் போகிறவர்கள் குண்டம் இறங்கும் நேரத்தை விட்டுவிட்டு, பூச்சாட்டுக்குப் பிறகு அம்மன் ஊர்ஊராக வலம் வரும் நாட்களில் வழியில் உள்ள சிற்றூர் ஒன்றில் நிற்பது மேல்.

நிற்கும் இடம் கருவியைப் பொறுத்தது. நாதசுரத்துக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்றால் தவிலும் தெளிவாகக் கேட்கும். ஜமாப்புக்கும் துடும்பு என்னும் பெரிய மேளத்துக்கும் அரை வட்டத்துக்கு வெளியே சில அடி தள்ளி நில்லுங்கள். வள்ளி கும்மிக்கு வட்டம் முழுவதும் தெரியும்படி ஏதாவது திண்ணையோ படியோ கிடைத்தால் நல்லது. ஒலிபெருக்கி வைத்த மேடையானால், பெட்டிகளுக்கு எதிரே முன்வரிசையில் உட்காருவதைவிட, ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்கு அருகில் உட்காருங்கள். மைக் செட்காரர் அந்த இடத்தில் கேட்டுத்தான் ஒலியைச் சரிசெய்கிறார்.

நான்காம் படி: காதைக் காப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். அதுவே 100 டெசிபலானால் வாரத்துக்கு 20 நிமிடம்தான் பாதுகாப்பானது. இசை அரங்குகளுக்காக அந்நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், பார்வையாளர்களுக்குக் காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. பெரிய ஒலிப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். திறந்த வெளியில் ஒலிப்பெட்டியிலிருந்து நிற்கும் தூரத்தை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால், பத்தடி தூரத்தில் நிற்பவர் இருபதடிக்கு நகர்வதே பெரிய உதவி. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைகளை மேளத்துக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது. நிகழ்ச்சி முடிந்தபின் காதில் இரைச்சல் இருந்தால் அடுத்த நாள் அமைதியாக இருங்கள். ஓரிரு நாளில் அது போகாவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள். கலைஞர்கள் ஆண்டு முழுவதும் இந்த ஒலிக்கு நடுவில் நிற்கிறார்கள் என்பதால், உங்களுக்கு அறிமுகமான குழுவுக்கு நல்ல காதடைப்பான்களை வாங்கிக் கொடுப்பது பொன்னாடை போர்த்துவதைவிடப் பயனுள்ள மரியாதை.

சித்திரை, வைகாசி வெயிலில் தேர் பார்க்கப் போகிறவர்களுக்குத் தண்ணீரும் தொப்பியும் வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடத்துக்கும் சக்கரத்துக்கும் அருகில் மட்டும், தேர் நின்றிருந்தாலும் நிற்காதீர்கள்.

ஐந்தாம் படி: கலைஞர் முன் நடந்துகொள்ளும் முறை

தோல் பறையை வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்சுவார்கள். சூட்டில் தோல் இறுகினால்தான் ஒலி எழும்பும். குளிர்ந்த இரவுகளில் நடுவிலும் இது தேவைப்படும். அந்த நேரத்தில் ‘ஏன் நிறுத்திவிட்டீர்கள்’ என்று அவசரப்படுத்தாமல் பொறுத்திருப்பது ரசிகரின் கடமை. கருவியை அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். நாதசுரத்தில் வாய்வைத்து ஊதும் சீவாளியும் தவிலின் தோலும் அவ்வளவு எளிதில் பழுதுபடக் கூடியவை. பாட்டுக்கு நடுவில் திரைப்பாடல் கேட்டுச் சீட்டு அனுப்பும் பழக்கத்தை, குறிப்பாக உடுக்கைப் பாட்டிலும் கும்மியிலும், முற்றாக விட்டுவிட வேண்டும்.

ஆடுவதற்கு இடம் இருக்கும் நிகழ்ச்சியும் இல்லாத நிகழ்ச்சியும் உண்டு. ஜமாப்புக்கு ஊர்வலத்தோடு ஆடுவது வழக்கம். கம்பத்தாட்டத்தில் யார் சேரலாம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும் ஆதலால், அங்கே நிற்கும் பெரியவரிடம், ‘ஐயா, வெளியூர்க்காரங்க ஆடலாமுங்களா?’ என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். காலில் பெரிய சலங்கை கட்டி ஆடும் பெருஞ்சலங்கை ஆட்டத்திலும் வள்ளி கும்மியிலும் அடி, வரிசை எல்லாம் பழகிச் செய்யப்படுவதால் வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால் வட்டம் குலைந்துவிடும். மது அருந்திவிட்டு மேளக்காரர்களை நெருக்கி ஆடுகிறவர்களை, அவர்கள் நம் உறவினராக இருந்தாலும், விலக்கி அழைத்துக்கொண்டு போகும் பொறுப்பு நம்முடையது.

கைபேசிப் பதிவைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்குத் தம் நிகழ்த்துதலின்மீது 50 ஆண்டுகள் உரிமை தருகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்பட வேண்டும் என்ற உரிமையையும் சேர்த்தது. நடைமுறையில் இதன் பொருள், நீங்களே பார்ப்பதற்குச் சிறு துண்டு எடுப்பது வேறு, முழு நிகழ்ச்சியையும் எடுத்து யூடியூபில் ஏற்றி விளம்பர வருமானம் பார்ப்பது வேறு என்பதே. பொதுவில் போட விரும்பினால் குழுத் தலைவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். சம்மதம் கிடைத்தால் குழுவின் பெயர், ஊர், வாசித்தவர்களின் பெயர்கள், அவர்களே தரச் சொன்ன தொடர்பு எண் ஆகியவற்றைக் காணொளியின் தலைப்பிலேயே சேருங்கள். ‘செம அடி’ என்ற தலைப்பில் இலட்சம் பேர் பார்த்த காணொளியால் அந்த அடியை வாசித்தவருக்கு ஒரு வேலைகூட வராமல் போவது, ரசிகர்கள் நினைத்தால் உடனே திருத்தக்கூடிய அநீதி.

ஆறாம் படி: பணம் போய்ச் சேரும் வழி

ஒரு குழுவுக்குப் பேசிய தொகை எப்படிப் பிரிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 15 பேர் கொண்ட ஜமாப் செட்டுக்கு 30,000 ரூபாய் பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி வாடகைக்கும் டீசலுக்கும் 4,000, தோலும் கயிறும் மாற்றுவதற்கு ஒதுக்கும் தொகை 2,000 என்று கழித்தால், தலைக்கு 1,600 ரூபாய் நிற்கும். மாலையில் கிளம்பி விடியற்காலையில் வீடு திரும்பும் வேலைக்கு அது கூலி; மறுநாள் தூக்கத்துக்காக விட்ட வேறு வேலையின் கூலியும் அதற்குள்தான் அடங்கும். இதில் 5,000 ரூபாயைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டதாகப் பெருமைப்படும் விழாக் குழு, ஒவ்வொருவர் கையிலிருந்தும் முந்நூற்றுச் சொச்சம் ரூபாயைப் பிடுங்கியிருக்கிறது. அதே குழு மின்விளக்கு அலங்காரத்துக்குக் கேட்ட தொகையை அப்படியே கொடுத்திருக்கும்.

விழாவுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் திரட்டும் தலைக்கட்டு வரி கொடுக்கும் எவருக்கும் வரவு செலவு வாசிக்கும் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. இசைக்கு எவ்வளவு, ஒளிக்கு எவ்வளவு, வெடிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு வெடிச் செலவில் ஒரு பகுதியை மேளத்துக்கு மாற்றும்படி முன்மொழியுங்கள். தனித்தனியாக நாம் கொடுக்கும் அன்பளிப்புகளைவிட, ஊர்க் கணக்கில் செய்யும் இந்த ஒரு மாற்றம் அதிகப் பணத்தைக் கலைஞரிடம் கொண்டு சேர்க்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தனிப்பட்ட சன்மானம் கொடுக்கும்போது, பாட்டை நிறுத்தி மைக்கில் பெயர் அறிவிக்கச் சொல்லாதீர்கள். கதை உச்சத்தில் இருக்கும்போது அன்பளிப்பாளர் பட்டியல் வாசிக்கப்பட்டால் பாடுகிறவரின் கட்டும் கேட்கிறவரின் மனமும் ஒருசேர அறுந்துவிடும். நிகழ்ச்சி முடிந்தபின், குழுவினர் எல்லோரும் இருக்கும்போது, தொகையைச் சொல்லித் தலைவர் கையில் கொடுங்கள். அப்போது அது குழுவுக்கானது என்பதில் ஐயம் இருக்காது. கையில் பணம் இல்லாவிட்டால் ஜிபே எண்ணைக் கேட்டு அங்கேயே அனுப்பிவிடுங்கள். ரூபாய் நோட்டை உடையில் குத்துவதும் மேலே எறிவதும், குறிப்பாகப் பெண் கலைஞர்களிடம், கூடவே கூடாது.

ஏழாம் படி: நீங்களே ஒரு குழுவை அழைக்கும்போது

வீட்டுத் திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, பள்ளி ஆண்டு விழா என்று நமக்கு வாய்ப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதிவு செய்த இசையை ஓடவிடுவதற்குப் பதிலாக ஒரு குழுவை அழைப்பது என்று முடிவு செய்தால், அந்தக் குழுவின் நிகழ்ச்சி ஒன்றை முதலில் நேரில் பாருங்கள். பிறகு தலைவரிடம் நேரடியாகப் பேசுங்கள். இடைத்தரகர் இருந்தால், கலைஞருக்குப் போவது எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

பேசி முடித்ததை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். நாள், இடம், வர வேண்டிய நேரம், வாசிக்கும் மொத்த நேரம், எத்தனை பேர், மொத்தத் தொகை, முன்பணம், மீதி கொடுக்கும் நேரம், வண்டிச் செலவு யாருடையது, மழையாலோ ஊரில் துக்கத்தாலோ நின்றுபோனால் முன்பணம் என்ன ஆகும் என்பவை அதில் இருக்க வேண்டும். நம் ஊர்களில் துக்கம் நேர்ந்தால் நோம்பியை நிறுத்துவது வழக்கம் என்பதால் கடைசியாகச் சொன்ன விதி மிக முக்கியம். அந்த நாளை நமக்காக ஒதுக்கி வேறு வேலையை விட்ட குழுவுக்கு, முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இருப்பதே நேர்மை. மீதித் தொகையை அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். ‘காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் வழக்கத்தால் ஏமாந்த குழுக்கள் ஏராளம்.

ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் இரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம். இந்த நேரத்துக்குள் முழு நிகழ்ச்சியும் முடிய வேண்டுமானால் மாலை 6 மணிக்கே தொடங்கியாக வேண்டும்; வரவேற்புரைகளையும் பொன்னாடைகளையும் பத்து நிமிடத்தில் முடித்தால் அது முடியும். சிறப்பு விருந்தினர்களின் பேச்சு நீண்டு, கடைசியில் காவலர் வந்து நிறுத்தச் சொல்லும்போது வெட்டுப்படுவது எப்போதும் கலைஞரின் நேரமே.

வருகிறவர்களுக்குச் சாப்பாடு, குடிநீர், உடை மாற்றப் பூட்டக்கூடிய அறை, கழிப்பறை ஆகியவற்றை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் இருக்கும் குழுவானால் கழிப்பறையும் இரவு திரும்பும் வண்டியும் இல்லாமல் அழைக்கவே வேண்டாம். சாப்பாட்டைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பறை, உருமி, பம்பை வாசிக்கும் கலைஞர்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கி, தனியிடத்தில் உட்காரவைத்துக் கடைசிப் பந்தியில் சோறு போட்ட வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. சில இடங்களில் அது இன்னும் வேறு வேறு வடிவத்தில் இருக்கிறது. அவர்களுடைய அடிக்கு ஆடிவிட்டு, அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார மறுக்கிறவரை ரசிகர் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் அழைக்கும் நிகழ்ச்சியில், விருந்தினர்கள் உட்காரும் அதே பந்தியில், அதே மாதிரி இலையில், வாசிப்பதற்கு முன்பே அவர்களுக்குப் பரிமாறுங்கள். மேடையில் ஒவ்வொருவர் பெயரையும் சரியாக எழுதி வாங்கி, ‘மேளக்காரர்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள்.

எட்டாம் படி: டிக்கெட் நிகழ்ச்சிகள்

நுழைவுச் சீட்டை அமைப்பாளர் அறிவித்த தளத்திலோ இடத்திலோ மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கைமாறும் சீட்டின் க்யூஆர் குறியை முதலில் காட்டியவர் உள்ளே போய்விடுவார், இரண்டாவதாக வருபவர் வாசலில் நிற்பார். வாங்குவதற்கு முன், நிகழ்ச்சி தள்ளிப்போனால் பணம் திரும்புமா என்ற விதியைப் படியுங்கள். உங்கள் இருக்கைப் பகுதிக்கு எந்த வாயில், வண்டி நிறுத்துமிடம் எங்கே, முடிந்தபின் எப்படித் திரும்புவது என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சபாக்களில் ஆண்டு உறுப்பினராகச் சேர்வது தனித்தனியாகச் சீட்டு வாங்குவதைவிட நல்லது. முன்கூட்டியே வரும் அந்தப் பணத்தை நம்பித்தான் புதிய கலைஞர்களுக்கு அவர்களால் மேடை கொடுக்க முடிகிறது. பெயர் தெரியாத இளைஞர் பாடும் மாலைகளுக்கும் தவறாமல் போங்கள்.

ஒன்பதாம் படி: வேலை இல்லாத மாதங்கள்

முதல் படியில் போட்ட நாள்காட்டியில் புரட்டாசியும் மார்கழியும் வெறுமையாகத் தெரியும். அந்த மாதங்களில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டு முற்றத்தில் உடுக்கைப் பாட்டையோ நாதசுரத்தையோ ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு மாலை வைக்கலாம். பத்துக் குடும்பம் ஆயிரம் ரூபாய் வீதம் போட்டால், இரண்டு மூன்று கலைஞர்களுக்கு அந்த மாதத்தில் வராமல் இருந்த வருமானம் வந்துவிடும்; கேட்கிறவர்களுக்கும் நோம்பிக் கூட்டத்தில் ஒருபோதும் கிடைக்காத நெருக்கம் கிடைக்கும். உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி, ஒரு வகுப்பு நேரத்துக்குக் கலைஞரை வரவழைத்து, அதற்குரிய ஊதியத்தைப் பெற்றோர் சார்பில் கொடுக்க ஏற்பாடு செய்யலாம்.

உங்களுக்கு அறிமுகமான கலைஞர், 2007-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் விண்ணப்பம், சான்றுகள், புதுப்பித்தல் என்று வரும்போது பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் கோயம்புத்தூர் மண்டல அலுவலகத்துக்கு அவரோடு ஒரு நாள் போய்வருவதும், படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும், புதுப்பிக்க வேண்டிய மாதத்தை உங்கள் கைபேசியில் குறித்து வைப்பதும், மாதச் சம்பளத்தில் இருக்கும் ரசிகருக்குச் சிறிய வேலைதான்.

வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் ஈரோடு, கரூர், சேலம் ஆகிய ஊர்களில் உள்ள மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. கோயம்புத்தூரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஜமாப்புக்கும் பெருஞ்சலங்கைக்கும் கும்மிக்கும் பள்ளி என்பது அந்தந்த ஊரின் களமும் ஆசிரியரும்தான். பயிற்சி பெரும்பாலும் மாலை வேளையில், அறுவடை முடிந்த காட்டிலோ கோயில் திடலிலோ நடக்கும். சேர விரும்புகிறவர்கள் வெற்றிலை பாக்கும் தட்சிணையும் கொண்டுபோய் ஆசிரியரைப் பாருங்கள். மாதந்தோறும் அவருக்கு என்ன கொடுப்பது என்பதை அன்றே பேசி முடித்துவிடுங்கள்.